கழிவுநீரோடு போகும் உரம்: பாசி வழியே வயலுக்குத் திரும்புமா? குண்டலுபேட்டை போன்ற சிறு நகரங்கள் முன் உள்ள கேள்வி

மைசூருவிலிருந்து ஊட்டிக்கும் வயநாட்டுக்கும் செல்லும் சாலைகள் பிரியும் இடத்தில் இருக்கிறது குண்டலுபேட்டை. 1997-ல் மைசூரு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட சாமராஜநகர் மாவட்டத்தில் அடங்கிய இந்நகரம், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் அமைந்துள்ளது. சூரியகாந்தி, செண்டுமல்லி, மஞ்சள், வாழை, வெங்காயம், காய்கறி எனப் பலவகைப் பயிர்கள் இங்கு விளைகின்றன. அருகிலுள்ள தெரக்கணாம்பி சந்தையிலிருந்து காய்கறிகள் கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் செல்கின்றன.

இந்த வயல்களுக்கு யூரியாவும் டி.ஏ.பி.யும் வெளியிலிருந்து மூட்டை மூட்டையாக வருகின்றன. அதே சத்துகள் விளைபொருளில் சேர்ந்து, உணவாகி, கடைசியில் நகரத்தின் கழிவுநீரில் கரைந்து வெளியேறுகின்றன. கழிவுநீரில் பாசியை வளர்த்து, அந்தச் சத்துகளைப் பிடித்து, மீண்டும் உரமாக வயலுக்குக் கொடுக்க முடியும் என்பது விஞ்ஞானிகள் நெடுநாளாகச் சொல்லிவரும் கருத்து. சிறு நகரங்களுக்கான கழிவுநீர்த் திட்டங்கள் இப்போது வகுக்கப்பட்டு வரும் நிலையில், இக்கருத்து ஆய்வகத்தைத் தாண்டி நகராட்சி அலுவலகங்களின் கவனத்துக்கு வர வேண்டிய காலம் இது.

தமிழகத்துக்கும் இதில் பங்கு உண்டு. குண்டலு ஆறு வடக்கு நோக்கி ஓடி நஞ்சன்கூடு அருகே கபினியில் கலக்கிறது. கபினி, டி.நரசிபுராவில் காவிரியுடன் சேர்கிறது. காவிரி மேட்டூரை வந்தடைகிறது. மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பண்ணவாடி, கோட்டையூர் போன்ற கரையோரப் பகுதிகளில் நீரின் மேல் பச்சைப் படலம் படர்ந்து துர்நாற்றம் வீசுவதும், அதைக் கட்டுப்படுத்த அதிகாரிகள் நுண்ணுயிர்க் கலவை தெளிப்பதும் அடிக்கடி செய்தியாகின்றன. இதற்கு ஏதோ ஓர் ஊரின் கழிவுநீரை மட்டும் காரணம் காட்ட முடியாது. ஆனால், கழிவுநீரும் உரமிட்ட வயல்களின் வடிநீரும் சுமந்துவரும் தழைச்சத்தும் மணிச்சத்துமே இத்தகைய பாசிப் பெருக்கத்துக்குத் தீனி. வேண்டாத இடத்தில் தானாக வளரும் பாசியை வேண்டிய இடத்தில் வளர்த்து எடுத்துவிடுவதே இத்தொழில்நுட்பத்தின் அடிப்படை.

எவ்வளவு சத்து வீணாகிறது?

மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2021-ல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, நாட்டின் நகர்ப்புறங்களில் நாளொன்றுக்கு 72,368 மில்லியன் லிட்டர் கழிவுநீர் உருவாகிறது. அதில் 20,235 மில்லியன் லிட்டர், அதாவது சுமார் 28 சதவீதம் மட்டுமே சுத்திகரிக்கப்படுகிறது. எஞ்சியது ஏரி, ஆறு, நிலத்தடி எனக் கிடைத்த வழியில் செல்கிறது.

உலக அளவில் ஆண்டுக்கு 38,000 கோடி கன மீட்டர் கழிவுநீர் உருவாவதாகவும், அதில் உள்ள தழை, மணி, சாம்பல் சத்துகளை முழுமையாக மீட்டால் உலக வேளாண்மையின் உரத்தேவையில் 13.4 சதவீதத்தை ஈடுசெய்யலாம் என்றும் ஐ.நா. பல்கலைக்கழகத்தின் நீர் ஆய்வு நிறுவனம் 2020-ல் மதிப்பிட்டது.

இதைக் குண்டலுபேட்டையின் அளவுக்குச் சுருக்கிப் பார்க்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை ஏறக்குறைய 28 ஆயிரம். இந்தியர்களின் உணவு அளவை அடிப்படையாகக் கொண்டு ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2004-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஒருவரது கழிவில் ஆண்டுக்குச் சுமார் 2.7 கிலோ நைட்ரஜனும் 0.4 கிலோ பாஸ்பரசும் வெளியேறுகின்றன. இந்த வீதத்தில் நகரம் முழுவதும் ஆண்டுக்கு 75 டன் நைட்ரஜன், 11 டன் பாஸ்பரஸ். நைட்ரஜனை யூரியாவாக மாற்றிக் கணக்கிட்டால் 45 கிலோ மூட்டைகள் சுமார் 3,600. பாஸ்பரஸை டி.ஏ.பி.யாகக் கணக்கிட்டால் 50 கிலோ மூட்டைகள் சுமார் 1,100.

இது உச்சவரம்பு. சிறு நகரங்களில் பெரும்பாலான வீடுகள் கழிவுத் தொட்டிகளை நம்பியிருப்பதால், எல்லாக் கழிவும் ஓரிடத்துக்கு வந்து சேர்வதில்லை. வந்து சேர்வதிலும் ஒரு பகுதியையே மீட்க முடியும்.

இரு சத்துகளில் மணிச்சத்தின் நிலை தனிக் கவனத்துக்குரியது. நைட்ரஜனைக் காற்றிலிருந்து எடுக்கலாம். பாஸ்பேட் பாறையை வெட்டித்தான் எடுக்க வேண்டும். உலகின் அறியப்பட்ட பாஸ்பேட் இருப்பில் சுமார் 70 சதவீதம் மொராக்கோவின் கட்டுப்பாட்டில் உள்ளது. இந்தியா டி.ஏ.பி.யின் பெரும்பகுதியையும் பாஸ்பேட் பாறையின் மிகப் பெரும்பகுதியையும் இறக்குமதி செய்கிறது. 2021 முதல் சீனா பாஸ்பேட் உர ஏற்றுமதியை அவ்வப்போது கட்டுப்படுத்தியபோது அதன் தாக்கம் நமது கூட்டுறவுச் சங்கங்களின் வாசல் வரை வந்தது. 2022-23 நிதியாண்டில் மத்திய அரசின் உர மானியம் சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது.

பாசி செய்யும் வேலை

வழக்கமான சுத்திகரிப்பு நிலையங்களில் பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்க வேண்டும் என்பதற்காக மின்சாரம் கொண்டு காற்று செலுத்தப்படுகிறது. பாசிக்குளத்தில் அந்த வேலையைச் சூரியஒளி செய்கிறது. ஒளிச்சேர்க்கையில் பாசி வெளியிடும் ஆக்சிஜனைக் கொண்டு பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கின்றன. சிதைவில் வெளிவரும் கரியமில வாயுவையும் அம்மோனியாவையும் பாஸ்பேட்டையும் பாசி உண்டு வளர்கிறது. 1950-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்வால்டு இந்தக் கூட்டுறவை விளக்கி, 30 முதல் 40 சென்டிமீட்டர் ஆழமே உள்ள, துடுப்புச் சக்கரத்தால் நீரைச் சுழலவிடும் குளங்களை வடிவமைத்தார். உலர்ந்த நுண்பாசியின் எடையில் பொதுவாக 6 சதவீதத்துக்குக் குறையாமல் நைட்ரஜனும், 1 சதவீதத்தை ஒட்டிப் பாஸ்பரசும் இருக்கும்.

பாசி உரம் நம் விவசாயிக்குப் புதிதன்று. நெல்வயல்களின் நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்துவதை 1939-ல் பி.கே.டே நிறுவினார். காவிரிப் படுகை விவசாயிகள் நீலப்பச்சைப் பாசியையும் அசோலாவையும் நன்கு அறிவர். மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1970-களில் ஜெர்மனியுடன் இணைந்து நுண்பாசி வளர்ப்பு ஆய்வுகளை மேற்கொண்டது. ராணிப்பேட்டையில் கடற்பாசிப் பொருள்கள் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் அமிலக் கழிவுநீரை நுண்பாசி கொண்டு சுத்திகரிக்கும் முயற்சி 2006-ல் தொடங்கியது. ஆக, பாசி வளருமா என்ற கேள்விக்கு இப்பகுதியில் எப்போதோ விடை கிடைத்துவிட்டது.

மைசூரு குளங்கள் சொல்லும் பாடம்

குண்டலுபேட்டைக்கு மிக நெருக்கமான சான்று சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், மைசூரு வித்யாரண்யபுரத்தில் உள்ளது. நாளொன்றுக்கு 67.65 மில்லியன் லிட்டர் கொள்ளளவு கொண்ட அந்த நிலையம் குளங்களையும் பாசியையும் நம்பி இயங்குவது. இந்திய அறிவியல் கழகத்தின் துர்கா மாதவ் மகாபாத்ரா, எச்.என்.சாணக்யா, டி.வி.ராமச்சந்திரா ஆகியோர் அதன் செயல்பாட்டை ஆராய்ந்து 2013-ல் முடிவுகளை வெளியிட்டனர்.

கழிவுநீர் அக்குளங்களில் 14.3 நாள்கள் தங்குகிறது. அதற்குள் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 82 சதவீதமும், வேதி ஆக்சிஜன் தேவை 60 சதவீதமும் குறைகின்றன. முதற்கட்டக் குளங்களில் யூக்ளினா வகைகளும், அடுத்த கட்டக் குளங்களில் பச்சைப்பாசி வகைகளும் மிகுந்திருந்தன. வெளியிலிருந்து பெரிய அளவில் ஆற்றல் செலவிடாமல் இந்த அளவு சுத்திகரிப்பு நடப்பது குறிப்பிடத்தக்கது.

ஆனால், சத்து மீட்பு என்ற கோணத்தில் பார்த்தால் படம் மாறுகிறது. கரிம நைட்ரஜனும் அம்மோனியாவும் சேர்ந்த அளவு 36 சதவீதமே குறைந்தது. அம்மோனிய நைட்ரஜன் மட்டும் 18 சதவீதமே குறைந்தது. பயிர் எளிதில் எடுத்துக்கொள்ளக்கூடிய வடிவத்திலுள்ள சத்தின் பெரும்பகுதி நீரோடு வெளியேறிவிடுகிறது என்பதே இதன் பொருள்.

குறைந்த அளவையும் அப்படியே மீட்ட சத்தாகக் கொள்ள முடியாது. பகலில் பாசி கரியமில வாயுவை இழுக்கும்போது நீரின் காரத்தன்மை கூடி, அம்மோனியாவின் ஒரு பகுதி காற்றில் கலந்துவிடும். இன்னொரு பகுதி குளத்தின் அடியில் சேறாகப் படியும். மீதி பாசியின் உடலில் சேரும். அந்தப் பாசியை அறுவடை செய்யாவிட்டால் அது வெளியேறும் நீருடன் சென்று, வேறோர் இடத்தில் மடிந்து, பிடித்துவைத்த சத்தைத் திரும்ப நீரிலேயே விட்டுவிடும். குளம் வெட்டினால் சுத்திகரிப்பு ஓரளவு நடந்துவிடும். உரம் வேண்டுமென்றால் அறுவடையையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

அறுவடை எனும் முடிச்சு

குண்டலுபேட்டையின் 75 டன் நைட்ரஜனில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 25 டன்னைப் பாசி வழியே மீட்பதாக வைத்துக்கொள்வோம். பாசியில் 6 சதவீதம் நைட்ரஜன் என்றால், ஆண்டுக்கு 400 டன்னுக்கு மேல் உலர் பாசி வேண்டும்; நாளொன்றுக்கு ஒரு டன்னுக்கு மேல். சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 15 கிராம் விளைச்சல் என்று கொண்டால், குளப்பரப்பு மட்டும் சுமார் 7.5 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 19 ஏக்கர் தேவை. பெங்களூரு போன்ற பெருநகரில் எண்ணிப்பார்க்க முடியாத பரப்பு இது. சிறு நகரின் புறத்தே இது எளிதன்று என்றாலும் இயலாததன்று.

நிலத்தைவிடக் கடினமானது பாசியை நீரிலிருந்து பிரிப்பது. நுண்பாசியின் உயிரணு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவே இருக்கும். சாதாரண வடிகட்டிகளில் அது தங்காது. ஒரு லிட்டர் நீரில் அரை கிராம் பாசி இருந்தால், ஒரு கிலோ உலர் பாசிக்கு 2,000 லிட்டர் நீரைக் கையாள வேண்டும். அதன்பின் உலர்த்த வேண்டும். பாசி உற்பத்திச் செலவில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அறுவடைக்கே போய்விடுவதாகப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது.

இதற்கு மாற்று வழிகள் உருவாகியுள்ளன. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து உருவான கிராஸ்-வென் நிறுவனம், செங்குத்தாகச் சுழலும் பட்டைகளின் மேல் பாசியைப் படரவிட்டு, முதிர்ந்ததும் சுரண்டி எடுத்து உரக் குருணையாக்குகிறது. பாசி படர்ந்தே வளர்வதால் நீரை வடிகட்ட வேண்டிய அவசியம் இல்லை. கல்லிலும் வலையிலும் ஒட்டி வளரும் இழைப்பாசிகளைப் பயன்படுத்தும் எளிய முறைகளும் உண்டு. வெயில் மிகுந்த, ஆள்வளம் உள்ள நம் சிறு நகரங்களுக்கு இத்தகைய முறைகளே பொருந்தும்.

நீரை நேரடியாகவே பாய்ச்சினால் என்ன?

சத்து நீரிலேயே இருக்கும்போது, சுத்திகரித்த நீரை நேராக வயலுக்கு விட்டால் போதாதா என்ற கேள்வி நியாயமானது. மதுரை அவனியாபுரத்தில் கழிவுநீர்ப் பண்ணையில் கால்நடைத் தீவனப்புல் நெடுங்காலம் வளர்க்கப்பட்டது. பெங்களூருவின் சுத்திகரித்த நீர் 2018 முதல் கோரமங்களா-செல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தின் மூலம் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு அனுப்பப்படுகிறது. வறண்ட மாவட்டத்தில் நிலத்தடி நீர் உயர்ந்ததை வரவேற்போரும், சுத்திகரிப்பின் தரம் போதாது என்று நீதிமன்றம் வரை சென்றோரும் அங்கு உள்ளனர்.

நேரடிப் பாசனத்தில் ஒரு பொருந்தாமை உண்டு. கழிவுநீர் ஆண்டின் 365 நாளும் ஒரே அளவில் வருகிறது. பயிரோ பருவத்தில்தான் சத்து கேட்கிறது. மானாவாரி நிலம் மிகுந்த குண்டலுபேட்டையில் இந்த இடைவெளி இன்னும் அதிகம். பூக்கும் தருணத்தில் தழைச்சத்து மிகுந்தால் இலை பெருகி விளைச்சல் குறையும். பயிர் இல்லாத காலத்தில் பாய்ச்சினால் நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரில் இறங்கும். பாசி இந்த இடைவெளியை நிரப்புகிறது. அன்றாடம் வரும் சத்தை அது திடப்பொருளாக மாற்றித் தருகிறது. உலர்த்தி மூட்டையில் கட்டி, விதைப்புக்கு முன் அடியுரமாக இடலாம். மண்ணில் அது மெல்லச் சிதைந்து, சத்தைப் படிப்படியாக விடும். பாசியை எடுத்தபின் எஞ்சும் நீரில் சத்துச் சுமை குறைந்திருப்பதால் பாசனத்துக்கும் அது ஏற்றதாகிறது.

பாதுகாப்பு: விட்டுக்கொடுக்க முடியாத நிபந்தனை

நீரிலுள்ள காட்மியம், ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களையும் பாசி தன்னுள் ஈர்த்துக்கொள்ளும். தொழிற்சாலைக் கழிவைச் சுத்தம் செய்ய உதவும் அதே குணம், உரத்தில் ஆபத்தாகிவிடும். எனவே, வீட்டுக் கழிவுநீரும் தொழிற்சாலைக் கழிவுநீரும் கலக்கும் இடங்களில் இம்முயற்சியே கூடாது. பெரிய ஆலைகள் நிறைந்த நகரங்களைவிட, வேளாண்மையையும் வணிகத்தையும் நம்பியுள்ள சிறு நகரங்கள் இதற்குத் தகுதி வாய்ந்தவை என்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். இருப்பினும் பணிமனை, சாயப்பட்டறை, மருத்துவமனைக் கழிவுகள் வடிகாலில் சேராமல் நகராட்சி கண்காணிக்க வேண்டும்.

நோய்க்கிருமிகளும் குடற்புழு முட்டைகளும் அடுத்த சிக்கல். வெயிலில் உலர்த்துதல், உயர் வெப்பத்தில் மக்கவைத்தல் ஆகியவை இவற்றைக் கட்டுப்படுத்தும். பெங்களூரு அருகே, குண்டலுபேட்டையை ஒத்த அளவுள்ள தேவனஹள்ளியில் 2015-ல் தொடங்கப்பட்ட மலக்கசடு சுத்திகரிப்பு நிலையத்தில், கசடு நகரின் குப்பையுடன் சேர்த்து மக்கவைக்கப்பட்டு விவசாயிகளுக்கு எருவாகக் கொடுக்கப்படுகிறது. பாசியையும் இதே முறையில் மக்கவைக்க முடியும்.

மனத்தடை பற்றிய அச்சம் இருப்பதைவிடப் பெரிதாகக் காட்டப்படுகிறது. கர்நாடகத்தில் கழிவுத் தொட்டி லாரிகளிலிருந்து கசடைத் தம் தோட்டங்களில் கொட்டச் சொல்லும் விவசாயிகள் பல ஆண்டுகளாகவே உண்டு. திருச்சி மாவட்டம் முசிறியில், பயன்படுத்துவோருக்குச் சிறு தொகை கொடுத்துச் சேகரித்த சிறுநீர் வாழைக்கு உரமாக இடப்பட்டது. சத்தின் மதிப்பை விவசாயிகள் அறிந்தே இருக்கின்றனர். அவர்களுக்குக் கிடைக்காதது சோதிக்கப்பட்ட, தரம் உறுதியான பொருள். தொடக்கத்தில் செண்டுமல்லி போன்ற உண்ணாத பயிர்களில் இட்டுப் பார்த்து, பின்னர் மற்றப் பயிர்களுக்கு விரிவாக்குவது அறிவார்ந்த வழி. குண்டலுபேட்டை வட்டாரத்தில் செண்டுமல்லிப் பரப்பு கணிசமாக இருப்பது இதற்கு வாய்ப்பாக அமைகிறது.

விலைக் கணக்கு ஏன் இடறுகிறது?

45 கிலோ யூரியா மூட்டை விவசாயிக்கு 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. மானியம் இல்லாவிட்டால் அதன் விலை 2,000 ரூபாய்க்கு மேல். குண்டலுபேட்டையின் கழிவில் உள்ள மொத்த நைட்ரஜனும் யூரியாவாகவே கிடைத்து, 3,600 மூட்டைகளும் விற்றாலும், சில்லறை விலையில் ஆண்டு வருமானம் 10 லட்சம் ரூபாயை எட்டாது. மானியமற்ற விலையில் அதே சத்தின் மதிப்பு 70 லட்சம் ரூபாயைத் தாண்டும். இடையிலுள்ள தொகையை இறக்குமதிக்கும் ஆலைக்கும் அரசு செலுத்துகிறது. கழிவிலிருந்து மீட்கும் நகராட்சிக்கு அதில் பங்கு இல்லை.

ஆகவே, பாசி உர விற்பனையைக் கொண்டே சுத்திகரிப்பு நிலையம் நடக்கும் என்று வாக்குறுதி அளிப்போரை நம்புவதற்கில்லை. இதன் பயனை மிச்சமாகும் மின்சாரம், ஆற்றைச் சேராத மாசு, பாசனத்துக்குக் கிடைக்கும் நீர், மிச்சமாகும் மானியம் ஆகிய அனைத்தையும் சேர்த்தே அளவிட வேண்டும். இப்பயன்கள் வெவ்வேறு துறைகளின் கணக்கில் சேர்வதால், செலவு மட்டும் நகராட்சியின் தலையில் விழுகிறது.

இதைச் சரிசெய்யக் கருவிகள் இல்லாமல் இல்லை. 2023-ல் ஒப்புதல் பெற்ற பி.எம்.-பிரணாம் திட்டம், ரசாயன உரப் பயன்பாட்டைக் குறைக்கும் மாநிலங்களுக்கு மிச்சமாகும் மானியத்தில் பாதியை வழங்க வகை செய்கிறது. கோபர்தன் திட்ட நிலையங்களில் உருவாகும் இயற்கை உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவி உண்டு. இந்த உதவியைக் கழிவுநீர்ப் பாசி உரத்துக்கும் நீட்டிக்கலாம். 1985-ம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 2021-ல் உயிர் ஊக்கிகளுக்கு இடம் அளிக்கப்பட்டது; கடற்பாசிச் சாறுகளும் அதில் அடங்கும். மானாமதுரையில் தயாராகும் கடற்பாசிச் சாறு இப்கோவின் வழியாக நாடு முழுவதும் விற்பனையாகிறது. கழிவுநீரில் விளைந்த பாசி எந்த வகுப்பில் வரும், அதற்கான உலோக வரம்பும் கிருமி வரம்பும் எவை என்பதை ஆணை தெளிவாகச் சொன்னால், நகராட்சிகளும் முதலீட்டாளர்களும் துணிந்து முன்வருவர்.

இப்போது ஏன்?

2021 அக்டோபரில் தொடங்கிய தூய்மை இந்தியா நகர்ப்புறத் திட்டத்தின் இரண்டாம் கட்டம், ஒரு லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட நகரங்களின் கழிவுநீர் மேலாண்மையை முதன்முறையாகத் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. குண்டலுபேட்டை போன்ற நகரங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. ஒருமுறை கட்டிய நிலையம் 25, 30 ஆண்டுகள் நிற்கும். இன்று வகுக்கப்படும் வடிவமைப்பு ஒரு தலைமுறைக்கான முடிவாகிவிடும்.

ஆனால், அந்த வடிவமைப்புகளை வழிநடத்தும் தரநிலைகளில் சத்துகளுக்கு நெடுநாள் இடமில்லை. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017-ல் வெளியிட்ட அறிவிக்கையில் நைட்ரஜன், பாஸ்பரஸ் வரம்புகள் இடம்பெறவில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் கடுமையான வரம்புகளை வலியுறுத்தியது. அந்த வரம்புகளும் சத்தை நீக்கச் சொல்கின்றனவே தவிர, மீட்கச் சொல்லவில்லை. நைட்ரஜனைக் காற்றில் கலக்கவிட்டு, பாஸ்பரஸை ரசாயனம் சேர்த்துச் சேறாக்கிப் புதைத்தாலும் வரம்பு நிறைவேறிவிடும். ஜெர்மனி 2017-ல் பிறப்பித்த விதி, பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் 2029 முதல் பாஸ்பரஸைக் கட்டாயம் மீட்க வேண்டும் என்கிறது. நமக்கு அதே விதி பொருந்த வேண்டும் என்பதில்லை. எவ்வளவு சத்து நீக்கப்பட்டது என்பதோடு எவ்வளவு வயலுக்குத் திரும்பியது என்பதையும் ஒவ்வொரு நிலையமும் பதிவுசெய்ய வேண்டும் என்ற எளிய நிபந்தனையிலிருந்து தொடங்கலாம்.

அதற்குப் பெரிய முதலீடு தேவைப்படாது. மைசூருவில் இயங்கிவரும் பாசிக்குளங்களின் ஒரு பகுதியில் படர்பாசி அறுவடையைச் சோதித்து, ஓராண்டுக்கு உலோகம், கிருமி, சத்து அளவுகளை மாதந்தோறும் பரிசோதித்து வெளியிடலாம். அந்த உரத்தைக் குண்டலுபேட்டையின் செண்டுமல்லி வயல்களில் யூரியாவுக்குப் பக்கத்திலேயே இட்டு ஒப்பிடலாம். முடிவு சாதகமாக இருந்தால், சிறு நகரங்களின் புதிய நிலையங்களுக்கு நிலம் ஒதுக்கும்போதே பாசிக்குளத்துக்கும் உலர்களத்துக்கும் இடம் விடலாம். சாதகமாக இல்லாவிட்டாலும், பல கோடி செலவிட்டபின் அதை அறிவதைவிட இப்போதே அறிவது மேல். நிலையங்கள் கட்டி முடிந்தபின் இந்தச் சோதனையைச் செய்வதில் பொருளிராது.